நம்ம ஊர்க் குரல்

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். சுருக்கமாகவே பேசுகிறேன்.

மேல்நாட்டில் ஆப்பெரா என்றொரு இசை நாடகம் உண்டு. கதாநாயகன் பெரும்பாலும் உச்சக் குரலில் பாடுவார். அந்தக் குரலுக்கு 'டெனார்' என்று பெயர். நம் நாடக மேடையில் அப்படிப் பாடியவர்கள் எஸ்.ஜி. கிட்டப்பாவும் தியாகராஜ பாகவதரும். பாகவதர் பாட்டில் மயங்கி, அவரைப் போலவே பாடிப் பழகிய மதுரைப் பையன்தான் டி.எம். சௌந்தரராஜன்.

1922 மார்ச் 24 அன்று இதே மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் பேசியது சௌராஷ்டிர மொழி. ஆனாலும் அவர் பாட்டில் ழகரமும் ளகரமும் தெளிவாக விழும். காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் கற்றார். 1950இல் வந்த 'கிருஷ்ண விஜயம்' படத்தில் பாடினார். அதில் பாகவதரின் சாயல் அப்படியே தெரியும்.

1954இல் நிலைமை மாறியது. 'மலைக்கள்ளன்' படத்தில் எம்.ஜி.ஆருக்குப் பாடினார். அதே ஆண்டு 'தூக்குத் தூக்கி'. சிவாஜிக்கு சி.எஸ். ஜெயராமன் பாட வேண்டும் என்றுதான் ஆசையாம். இவரோ, மூன்று பாட்டுப் பாடுகிறேன், பிடிக்காவிட்டால் விலகிக்கொள்கிறேன் என்றாராம். சிவாஜி பேசுவதைக் கவனித்து அதற்கேற்பப் பாடினார். எல்லாப் பாட்டும் இவருக்கே வந்தது. அதன்பிறகு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது சிவாஜி பாட்டு, இது எம்.ஜி.ஆர். பாட்டு என்று நாம் சொல்லிவிடுவோம். பாடியவர் ஒருவர்தான்.

'பட்டினத்தார்', 'அருணகிரிநாதர்' படங்களில் அவரே நடித்தார். 2003இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2013 மே 25 அன்று மறைந்தார். இன்றும் தைப்பூசம் வந்தால் ஒலிபெருக்கியில் அவர் குரல்தான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? நம் பிளாக்கில் ஒரு பிள்ளை விடியற்காலையில் பாட்டுச் சாதகம் செய்கிறது. தூக்கம் கெடுகிறது என்று போன மாதம் சங்கத்துக்குப் புகார் போனது. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். இரவு வேலை முடித்து வருபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சிரமமும் நியாயம்தான். ஆனால் புகாருக்குப் பிறகு அந்தக் குரலே கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

எந்தப் பெரிய பாடகரும் முதலில் பக்கத்து வீட்டாருக்குச் சத்தமாகத்தான் இருந்திருப்பார். டி.எம்.எஸ். வீட்டுப் பக்கத்தில் அன்றைக்கு நான் குடியிருந்தால் என்ன செய்திருப்பேனோ!

அதனால் ஒரு வேண்டுகோள். காலை 6 மணி முதல் 7 மணி வரை நம் கூட்ட அரங்கம் சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது. வீடுகளிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு பிள்ளைகள் அங்கே பாடட்டும், வாசிக்கட்டும். சங்கம் அனுமதித்தால் தினமும் சாவி வாங்கித் திறந்துவிடுவது என் பொறுப்பு. எப்படியும் அந்த நேரத்தில் நடக்கத்தான் வருகிறேன்.

வாருங்கள், சாப்பிடப் போகலாம்.