யாரைப் பார்க்க வேண்டும்?

அலுவலக வாயிலை அடைந்தவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வி, "யாரைப் பார்க்க வேண்டும்?" என்பதாகும். கேட்பவருக்கு அது அன்றாடம் பழகிப்போன சொல். வந்தவருக்கோ அன்றைய பயணத்தின் பயன் முழுவதும் அதிலே தங்கியிருக்கின்றது. உரியவரிடம் போய்ச் சேர்ந்தால் அலுவல் முடியும். அல்லாதவரிடம் போனால் ஒரு நாளும் அந்நாளின் கூலியும் வீணாகும். இக்காலத்தில், வருபவரை உரியவரிடம் சேர்ப்பிக்கும் ஒழுங்கைக் கணினியிடம் ஒப்படைக்கும் வழக்கம் உலகின் பல நாடுகளில் பரவியுள்ளது. முன்னரே நேரம் குறித்துக்கொள்பவரை, இன்ன நாள், இன்ன வேளை, இன்ன உத்தியோகத்தர் என்று இயந்திரமே பகிர்ந்துவிடுகின்றது. இம்முறையின் நன்மையையும் குறையையும் மட்டக்களப்பு வாவிக்கரையின் வாழ்வோடு வைத்து ஆராய்ந்தால் அதன் இயல்பு நன்கு விளங்கும்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாய் விரிந்து கிடப்பது படுவான்கரை. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்படும் வரை, மக்களும் வண்டிகளும் 'பாதை' என வழங்கிய மிதவையில் ஏறியே அவ்விடத்தில் வாவியைக் கடந்தனர். அலுவலகங்கள் மக்களை நெருங்கி வந்ததும் அண்மைக் காலத்து மாற்றமே. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் கச்சேரியின் அதிகாரங்கள் பலவற்றைப் பிரதேச செயலாளரிடம் மாற்றியது. மட்டக்களப்பு மாவட்டத்தில் இன்று 14 பிரதேச செயலகங்கள் உள்ளன. தூரம் குறைந்தது உண்மை. ஆயினும் செயலகத்தின் உள்ளே காணிக்கு ஒருவர், சமூக சேவைக்கு ஒருவர், பதிவுக்கு ஒருவர் எனப் பலர் இருக்கின்றனர். வாவியைக் கடப்பது எளிதாயிற்று. மேசைகளுக்கு இடையே வழி காண்பதோ இன்னும் எளிதாகவில்லை.

படுவான்கரையின் உட்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மூதாட்டி வருகிறார் என வைத்துக்கொள்வோர், அவர் கேட்பது யாது என்பதை முதலில் நோக்க வேண்டும். "காணி விசயமாக வந்தேன், தம்பி" என்பார். அவ்வளவே அவர் சொல்வது. கணவர் பெயரில் இருந்த அனுமதிப்பத்திரமா, அவர் இறந்த பின் பெயர் மாற்றமா, எல்லைத் தகராறா, வெள்ளத்தில் அழிந்த பத்திரத்தின் பிரதியா என்பது அச்சொல்லில் இல்லை. மரணப் பதிவே இன்னும் எடுக்கப்படவில்லையாயின், காணி உத்தியோகத்தரைக் காண்பதற்கு முன் அவர் பதிவாளரைக் காண வேண்டும். இதை அறிந்து கேட்கும் ஒருவர் வாயிலில் இருந்தால் அவருடைய அலைச்சல் பாதியாகும். கேளாமல் அனுப்பினால், மூன்று மேசைகளில் அமர்ந்தெழுந்து, மாலைப் பேருந்தில் வெறுங்கையோடு திரும்புவார்.

இத்தகைய பகிர்வு இப்பிரதேசத்துக்குப் புதியதன்று. மட்டக்களப்புத் தமிழரின் குடி முறை இதற்குப் பழைய சான்றாகும். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, பணிக்கனா குடி முதலாகப் பல குடிகள் இங்கு உண்டு. பிள்ளை தாயின் குடியைச் சேரும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் ஆலயம், மண்டூர் முருகன் ஆலயம் போன்ற பெருங்கோவில்களில் திருவிழா நாட்களும் பணிகளும் குடிக்கும் ஊருக்கும் உரியனவாக வகுக்கப்பட்டிருந்தன. பொறுப்பாளராக வண்ணக்கர் நின்றார். எவருடைய முறை எந்நாள் என்பதை ஆண்டுதோறும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டிய தேவை இல்லை. தாயின் குடி எதுவென்று கேட்டால் மறுமொழியும் உடனே கிடைக்கும். அம்மறுமொழியிலேயே கடமையும் அடங்கியிருக்கும். கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களிலும் குடிவழி மரைக்காயர்கள் பள்ளிவாசல் நிருவாகத்தில் இடம்பெறும் வழக்கு இருந்து வந்தது.

குடி முறை விதியால் நடந்தது, முகதாட்சணியத்தால் நடந்ததன்று. அதுவே அதன் வலிமை. எனினும் அதற்கு ஒரு குறையும் இருந்தது. குடிகளுக்குள் முதன்மை பற்றிப் பிணக்குகள் எழுந்தன. குடி முறைக்கு வெளியே நின்றவருக்கு இடம் ஏது என்ற கேள்விக்கும் அம்முறையில் எளிதான விடை இல்லை. எந்த ஒழுங்கும், தன் பட்டியலில் இல்லாதவன் வந்து நிற்கும்போதுதான் உண்மையாகச் சோதிக்கப்படுகின்றது.

வயல்வெளியில் இதே காரியம் வேறு வடிவில் நடைபெற்றது. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் விதைப்பு நாளும், குளத்து நீர் திறக்கும் நாளும், மாடுகளை அப்புறப்படுத்தும் நாளும் முடிவாகும். ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு வட்டை விதானை இருப்பார். நீர் வரவில்லை என்ற முறைப்பாடு முதலில் அவரிடமே போகும். நெற்காணி நீர்ப்பாசனத்தின் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் உயிரூட்டும் நோக்கத்துடன் 1856ஆம் ஆண்டிலே ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. விதானை விதியைச் சொல்பவர் மட்டுமல்லர். கடைமடையில் நீர் எட்டாத வயல் எது, எவருடைய வரம்பு உடைந்திருக்கிறது என்பதைக் காலால் நடந்து அறிந்தவர். விதியும் அறிவும் ஒருவரிடமே கூடியிருந்தமையால் அம்முறை பயன் தந்தது.

இயந்திரம் இத்துறையுட் புகுந்த வரலாறும் சுவையானது. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஈமக்கிரியைத் தொழில் நடத்திய அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், தமக்கு வரவேண்டிய தொலைபேசி அழைப்புக்கள் போட்டியாளரிடம் திருப்பப்படுகின்றன என ஐயுற்றாராம். இணைப்புக் கொடுப்பவர் அப்போட்டியாளரின் உறவினர் என்பது வழங்கி வரும் கதை. கதை எவ்வாறாயினும், மனிதர் இடைப்படாமல் அழைப்பை உரிய எண்ணுக்குச் சேர்ப்பிக்கும் கருவிக்கு அவர் 1891ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டில் இந்தியானா மாநிலத்து லா போர்ட் நகரில் அக்கருவியோடு கூடிய நிலையம் திறக்கப்பட்டது. பாரபட்சத்தை நீக்க வேண்டும் என்னும் வேட்கை இயந்திரப் பகிர்வின் தொடக்கத்திலேயே இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

இன்றைய கணினியும் சில எளிய விதிகளையே பின்பற்றுகின்றது. முதலாவது, சுற்று முறை: முதல் வந்தவர் முதல் உத்தியோகத்தருக்கு, அடுத்தவர் அடுத்தவருக்கு. இரண்டாவது, பிரிவு முறை: இன்ன கிராமம், இன்ன பொருள் என்று பார்த்து உரியவரிடம் அனுப்புதல். மூன்றாவது, சுமை முறை: எவரிடம் வேலை குறைவோ அவரிடம் சேர்த்தல். இவற்றோடு மொழியும் சேர்கின்றது. தமிழில் மட்டும் பேசத் தெரிந்தவரைத் தமிழறியாதவரிடம் அனுப்பினால் நேரம் குறித்தும் பயனில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை வாயிலிலுள்ள பட்டியலில் ஒரு கட்டமாக இடம்பெறும்போதுதான் அது எளியவர் கைக்கு எட்டுகின்றது.

இவ்விதிகள் ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம் உண்டு. சுற்று முறை ஆட்களை எண்ணும். அலுவலின் கனத்தை எண்ணாது. ஒரு கையொப்பத்துக்கு இரண்டு நிமிடம் போதும்; ஒரு காணிப் பிணக்குக்கு முழுக் காலையும் போதாது. இருவருக்கும் பத்துப் பத்துப் பேரைப் பகிர்ந்துவிட்டுச் சமம் என்று சொல்வது கணக்குக்குப் பொருந்தும், நீதிக்குப் பொருந்தாது. சுமை முறையோ விரைந்து முடிப்பவர் தலையில் மேலும் மேலும் ஏற்றிவிடும். தாமதிப்பவருக்கு ஓய்வைப் பரிசளிக்கும். பிரிவு முறையில், உரிய உத்தியோகத்தர் விடுமுறையில் இருந்தால் அவர் பிரிவு மக்கள் அனைவரும் தேங்கி நிற்பர்.

கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் பணியாற்றிய ஏர்லாங் என்னும் கணித அறிஞர் 1909ஆம் ஆண்டில் அழைப்புக்களின் வரவைக் கணக்கிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர் தொடங்கிய துறை உணர்த்தும் ஓர் உண்மை அலுவலகத்துக்கும் ஏற்றது. வருபவர் ஒரே சீராக வருவதில்லை. ஆதலால் ஒவ்வொருவருடைய நாளையும் விளிம்பு வரை நிரப்பினால், ஒரு சிறு தாமதமும் வரிசை முழுவதையும் நீட்டிவிடும். நிரம்பிய குளத்துக்குக் கலிங்கு வேண்டும் என்பதை வாவிக்கரை உழவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாளில் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பதே அலுவலகத்தின் கலிங்காகும். நேரம் குறியாமல் வந்து நிற்பவருக்கும் அவ்வேளை உதவும்.

எனவே செய்யத்தக்கவை சில. முதலாவது, நேரம் குறிக்கும்போதே சரியான கேள்விகளைக் கேட்டல். "என்ன விடயம்?" என்பதோடு நில்லாமல், "எந்தப் பத்திரம் கையில் இருக்கிறது? முன்னர் யாரைக் கண்டீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். தொடர்ந்து வரும் ஒருவரை முன்பு கண்ட உத்தியோகத்தரிடமே மீண்டும் சேர்ப்பது நன்று. தம் துயரக் கதையை ஒவ்வொரு மேசையிலும் முதலிலிருந்து சொல்லும் கொடுமை அதனால் நீங்கும். இரண்டாவது, விதியை வெளிப்படையாக எழுதி வாயிலில் வைத்தல். மூன்றாவது, இயந்திரம் அறியாத அலுவலை ஏற்பதற்கு ஒருவரைப் பெயர் குறித்து நியமித்தல். கணினியில் கைபழகாதவருக்குக் கிராம உத்தியோகத்தர் வாயிலாகவோ தொலைபேசி வாயிலாகவோ நேரம் குறித்துக் கொடுக்கும் வழியும் வேண்டும். எழுதப் படிக்க அறியாதவர் வரிசையின் கடைசியில் நிற்க நேர்ந்தால், அந்த ஒழுங்கு வல்லவருக்கே உதவிய ஒழுங்காகும்.

திருக்குறளின் 52ஆம் அதிகாரமாகிய தெரிந்து வினையாடல், செயலையும் அதற்கு ஏற்ற வழியையும் முடிக்க வல்ல ஆளையும் ஆராய்ந்தறிந்து பொறுப்பை ஒப்படைக்கச் சொல்கின்றது. இயந்திரம் செய்வது ஒப்படைத்தல் மட்டுமே. ஆராய்தல் மனிதர் முன்னரே செய்து முடித்திருக்க வேண்டிய வேலை. அதைச் செய்யாமல் கணினியை மட்டும் வாங்கி வைத்தால், பழைய அலைச்சல் புதிய விரைவோடு நடக்கும்; வேறொன்றும் நேராது.

படுவான்கரையிலிருந்து வரும் மூதாட்டிக்குக் கணினி முறை எது என்பது தெரிய வேண்டியதில்லை. தாம் அமர்ந்த இடத்தில், தம் மொழியில், தம் அலுவலை அறிந்த ஒருவர் எதிரே இருக்க வேண்டும். பேருந்து புறப்படுமுன் அலுவல் முடிந்திருக்க வேண்டும். பகிர்வு முறை எதுவாயினும் அதன் தகுதியை அளக்கும் கோல் இதுவே.