பழைய கை மிஷின் வாங்கும் முன்
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் ஒரு குழுவுக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு அக்கா உள்கடன் 3,000 ரூபாய் வாங்கி, பழைய சாமான் விற்பவரிடம் சிங்கர் கை மிஷின் எடுத்திருக்காங்க. கருப்பு உடம்பில் தங்கப் பூ, வளைந்த மரமூடி, பார்க்க லட்சணம். வீட்டில் திறந்து பார்த்தால் உள்ளே ஷட்டிலைக் காணோம். இப்போ மிஷின் பரணில் கிடக்குது, தவணை மட்டும் மாதாமாதம் போகுது.

அது 28 என்கிற மாடல். ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் ஊரில், 1980-இல் மூடப்பட்ட சிங்கர் தொழிற்சாலையில் செய்தது. இதில் அடிநூலுக்குப் படகு மாதிரி ஒரு ஷட்டில், அதற்குள் குச்சி போல நீளமான பாபின். படகு முன்னும் பின்னும் ஆடித்தான் நூலைப் பிடிக்கும். அது தொலைந்தால் ஒரு தையல்கூட விழாது. பக்கத்து டவுனில் தேடினாலும் சுலபமாகக் கிடைக்காது. கொல்கத்தாவில் 1930-களில் தொடங்கிய உஷா போன்ற கருப்பு மிஷின்களில் வட்ட பாபின், பாபின் கேஸ். தையல் சாமான் கடைகளில் கேட்ட உடனே எடுத்துத் தருவாங்க. வருமானத்துக்கு வாங்குவதாக இருந்தால் வட்ட பாபின்தான் சரி என்பது எங்கள் எண்ணம்.

கை மிஷினுக்குக் கரண்ட் வேண்டாம். கைப்பிடியில் பல்சக்கரம் இருப்பதால் ஒரு சுற்றுக்கு மூன்று தையல் விழும். ஆனால் வலது கை சுற்றவே சரியாப் போயிடும், துணியை ஒரே கையால்தான் தள்ளணும். நாள் முழுக்க ஜாக்கெட் தைக்கிறவங்களுக்குக் கால் மிஷின்தான். தூக்கிட்டுப் போகலாம்னு விற்கிறவர் சொல்வார். உடம்பு வார்ப்பிரும்பு, இடுப்பு பத்திரம்! சிங்கர் 1933-இல் அமெரிக்காவில் அலுமினியத்தில் ‘ஃபெதர்வெயிட்’ என்று ஒன்று கொண்டுவந்தது. எடை சுமார் 5 கிலோதான், ஆனால் அது கரண்டில் ஓடுவது.

பணம் கொடுக்கும் முன் ஷட்டில், பாபின் இருக்கான்னு கையில் எடுத்துப் பாருங்க. ஒரு துண்டுத் துணியை மடித்துத் தைத்து, மேலும் கீழும் தையல் ஒரே மாதிரி விழுதான்னு திருப்பிப் பாருங்க. சக்கரம் இறுக்கமா இருந்தால் உடனே வேண்டாம்னு சொல்லாதீங்க. பழைய எண்ணெய் பிசினாகியிருக்கலாம். மண்ணெண்ணெய் சொட்டு விட்டு மெதுவாகச் சுற்றினால் இளகும். பிறகு மிஷின் எண்ணெய் மட்டும் விடணும். தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் நம்ம ஊரில் பாதி மிஷின் இறுகிப்போயிருக்கு.

அந்த அக்காவின் மிஷினுக்கு ஷட்டில் தேடிக்கிட்டிருக்கோம். உங்கள் வீட்டுப் பரணில் இந்தப் படகு மாதிரி சாமான் கிடந்தால், அடுத்த கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க.