இதழின் அடையாள எண்

பெங்களூரில் 1932-இல் தொடங்கிய ‘கரன்ட் சயின்ஸ்’ ஆய்விதழின் பன்னாட்டுத் தொடர் வெளியீட்டு எண் (ஐ.எஸ்.எஸ்.என்.) 0011-3891 ஆகும். இதன் முதல் ஏழு இலக்கங்களை முறையே 8 முதல் 2 வரை பெருக்கிக் கூட்டினால் 65. கடைசி இலக்கமான 1-ஐச் சேர்க்க, 66. அது 11-ஆல் மீதியின்றி வகுபடும். ஓர் இலக்கம் பிழையாயினும் இக்கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

நூலுக்கான எண் பதிப்புதோறும் மாறும். இதழுக்கான எண்ணோ பெயர் மாறாதவரை நிலைத்திருக்கும். அச்சுக்கும் இணையத்திற்கும் தனித்தனி எண்கள் தேவை. தில்லியிலுள்ள தேசிய மையம் இவற்றைக் கட்டணமின்றி வழங்குகிறது.

ஆயினும் எண் அடையாளமே அன்றித் தரச்சான்று அன்று. அதனை மட்டும் காட்டி மாணவரிடம் பணம் கேட்கும் இதழ்களும் உண்டு. கட்டுரையை மதிப்பிடுவோர் யாவர் என்பதையே மாணவரும் அலுவலரும் முதலில் வினவுதல் வேண்டும்.