பிள்ளைப் பருவத்துப் பசி இருபது ஆண்டுக்குப் பிறகும் கூலியைக் குறைக்கும்

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் கட்டட வேலையிலும் பாடுபடுகிற தமிழ்க் குடும்பங்கள் இங்கே கூடியிருக்கிறோம். 1956 நவம்பர் 1ஆம் நாள் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று போட்ட கோடு நிலத்தில் போட்டதுதான். ஆனால் களியக்காவிளையைத் தாண்டி வேலைக்கு வருகிற குடும்பத்தின் குழந்தைக்குச் சோற்றிலும் பள்ளியிலும் மருந்திலும் அந்தக் கோடு குறுக்கே விழுகிறது. அந்தக் குழந்தையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

"சின்ன வயதில் கஷ்டப்பட்டால்தான் உடம்பு உரம் ஏறும்" என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. வளர்ந்த பிள்ளை ஒரு தொழிலைக் கற்றுக்கொள்வது வேறு. இரண்டு வயதுக் குழந்தை பசித்துக் கிடப்பதும், இரவில் அடிதடிச் சத்தம் கேட்டு நடுங்குவதும் வேறு. முன்னது உரம், பின்னது அரிப்பு. இது வெறும் பேச்சல்ல, அளந்து பார்த்த உண்மை.

நம்மைப் போல் மக்காச்சோளமும் கூலியும் நம்பி வாழ்கிற ஏழை மக்களின் நாடு குவாத்தமாலா. அங்கே நான்கு கிராமங்களில் 1969 முதல் 1977 வரை ஒரு சோதனை நடந்தது. இரண்டு கிராமங்களில் குழந்தைகளுக்குப் புரதச் சத்துள்ள கஞ்சி கொடுத்தார்கள்; மற்ற இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானம். அந்தக் குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போன பின் கணக்கெடுத்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். பிறந்தது முதல் இரண்டு வயது வரை சத்துக் கஞ்சி குடித்த ஆண்களின் மணிக்கூலி சராசரியாக 46 சதவீதம் கூடுதலாக இருந்தது! எண்ணிப் பாருங்கள்: 100 ரூபாய் வாங்குகிற இடத்தில் 146 ரூபாய். குழந்தையின் கிண்ணத்தில் விழாத கஞ்சி, அவன் பெரியவனானபின் கூலிப் பையில் விழாத பணம்.

உடல்நலமும் அப்படியே. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் பிறந்த குழந்தைகளின் எடையைக் குறித்து வைத்த பழைய ஏடுகளை டேவிட் பார்க்கர் என்ற மருத்துவரின் குழு தேடி எடுத்து, 1989இல் கணக்கை வெளியிட்டது. ஒரு வயதில் எடை குறைந்திருந்த ஆண்களிடையே பிற்காலத்தில் இதயநோயால் இறந்தவர்கள் அதிகம்.

பசி மட்டுமா? அமெரிக்காவின் சான் டியாகோவில், வேலையும் காப்பீடும் உள்ள ஆயிரக்கணக்கானவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டார்கள். அடி, வசவு, பாலியல் கொடுமை, வீட்டில் குடி, தாய் அடிபடுவதைப் பார்த்தது என்று வகை பிரித்தார்கள். 1998இல் வந்த முடிவு இது: நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிக்கு அடிமையாதல், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, ஒன்றுமே அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு. இதயநோயும் நுரையீரல் நோயும்கூட துன்பத்தின் எண்ணிக்கையோடு ஏறின.

காரணம் என்ன? பயந்த உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராகிறது. நெஞ்சு படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆபத்து போனதும் அடங்க வேண்டும். நாள்தோறும் பயம் என்றால் அடங்குவதே இல்லை. வளர்ச்சிக்குச் செலவாக வேண்டிய சக்தி காவலுக்குச் செலவாகிறது.

இது தலையெழுத்தல்ல. ஆபத்து கூடும் என்பதுதான் பொருள். கெட்டே தீருவார்கள் என்பதல்ல. ஆனால் இதைத் தாய் தகப்பன் தலையில் மட்டும் கட்டுவதை நாம் ஏற்க முடியாது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, முன்பணத்தில் குடும்பத்தையே கட்டிப்போட்டால், தாய் எப்போது பால் கொடுப்பாள்? மழை பிடித்துச் சூளை அணைந்தால் எதைக் கொண்டு சோறு பொங்குவாள்? கூலி உயர்வு கேட்பதும் குழந்தையின் உடல்நலம் கேட்பதும் ஒரே கோரிக்கைதான். முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சுகாதாரத்தில் முன்னணி என்று பெயரெடுத்த இரு மாநிலங்களின் கணக்கையும் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் கேரளத்தில் 23.4 சதவீதம், தமிழகத்தில் 25 சதவீதம். ஏறத்தாழ நாலில் ஒன்று!

நமக்குள்ள உரிமைகள் எவை?

முதலாவது, அங்கன்வாடி. ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைக்கும் அது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அங்கன்வாடி இல்லாத குடியிருப்பில் அப்படி 40 குழந்தைகள் இருந்து, கோரிக்கை வைத்தால், மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்குக் கிடைக்கும் அமிர்தம் பொடியைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, பள்ளி. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்று வரவில்லை, ஆண்டு பாதி போய்விட்டது என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பியனுப்பக் கூடாது.

மூன்றாவது, ரேஷன். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ள தமிழகக் குடும்ப அட்டைக்குக் கேரளக் கடையிலும் அரிசி பெறலாம்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதும் உண்டு. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986–87இல் ஒரு வேலை தொடங்கினார்கள். வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீட்டுக்குச் சுகாதார ஊழியர் வாரம் ஒரு மணி நேரம் போய், வீட்டுச் சாமான்களால் செய்த பொம்மைகளோடு குழந்தையிடம் பேசவும் விளையாடவும் தாய்க்குச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு ஆண்டு இப்படி நடந்தது. இருபது ஆண்டுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள், இந்தப் பயிற்சி கிடைக்காத குன்றிய பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். காசு கேட்காத மருந்து இது. குழந்தையோடு தமிழில் பேசுங்கள், கதை சொல்லுங்கள். பள்ளியில் மலையாளம் தானே வந்துவிடும். கை ஓங்காதீர்கள். எந்தக் குழந்தையாவது கொடுமைக்கு ஆளானால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பதல்ல, காப்பாற்றுவது.

தோழர்களே! இந்த மாதத்து வேலை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு சூளையிலும் குவாரியிலும் குடியிருப்பிலும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை எண்ணுங்கள். பெயர், வயது, அங்கன்வாடியில் பதிவு உண்டா, தடுப்பூசி போட்டாயிற்றா என்ற நாலு விவரமும் எழுதிக் கொண்டு வாருங்கள். நாற்பது பெயர் சேர்ந்த இடத்தில் அங்கன்வாடிக்கு மனு எழுதுவோம். நாற்பது சேராத இடத்தில், ஒவ்வொரு குழந்தையையும் பக்கத்து அங்கன்வாடியில் நாமே கூட்டிப்போய்ச் சேர்ப்போம்.