நிறுவனங்களில் அறநெறித் தலைமை

(உதியன்குளங்கரையில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தற்கால நிறுவனங்களில் அறநெறித் தலைமை என்பது எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள தலைப்பு. இத்தகைய தலைப்பில் பேச வருபவர்கள் நேர்மை, வாய்மை, தன்னலமின்மை என்று பண்புகளை வரிசையாக அடுக்கிச் சொல்லிவிட்டு அமர்வது வழக்கம். நானும் சில மேடைகளில் அவ்வாறு பேசியவன்தான். கேட்டவர்கள் கைதட்டினார்கள், மறுநாள் அவரவர் அலுவலகம் அவ்வாறே நடந்தது. ஆகவே இன்று ஒரு கேள்வியை மட்டும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். தவறு நேர்ந்துவிட்ட நாளிலோ, உண்மையைச் சொன்னதற்காக இழப்பு வந்து சேரும் நாளிலோ, அந்த இழப்பு நிறுவனத்தில் எவர் தலையில் விழுகிறது? மேலே இருப்பவர் அதைத் தாங்கிக் கொள்கிறாரா, அல்லது கீழே இருப்பவர்மீது இறக்கிவைக்கிறாரா?

இக்கேள்விக்கு விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நாம் கூடியிருக்கும் இந்த ஊரின் வழியே செல்லும் பெருவழி திருவனந்தபுரத்தையும் நாகர்கோவிலையும் இணைப்பது. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் எல்லையான ஆரல்வாய்மொழிக்குச் செல்லும் வழியும் இதுவே. 1910 செப்டம்பர் 26 அன்று 'சுதேசாபிமானி' பத்திரிகையின் ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளை திருவனந்தபுரத்தில் கைது செய்யப்பட்டு, சமஸ்தானத்தின் எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூரில் 1878-ஆம் ஆண்டு பிறந்தவர். திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தையும் அரண்மனையைச் சூழ்ந்திருந்த ஊழலையும் அவர் அஞ்சாது எழுதினார். பின்னர் அவர் தம் மண்ணுக்குத் திரும்பவே இல்லை. 1916-இல் கண்ணூரில் காலமானார்.

அவருடைய வரலாறு உங்களுக்குப் பாடப்புத்தகத்திலேயே அறிமுகமானது. நான் பேச விரும்புவது அப்பத்திரிகையின் உரிமையாளரைப் பற்றி. வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905-இல் அஞ்சுதெங்கில் இப்பத்திரிகையைத் தொடங்கினார். தம் சொந்தச் செல்வத்தைச் செலவிட்டு இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி தருவித்தார். 1906-இல் ராமகிருஷ்ண பிள்ளையை ஆசிரியராக அமர்த்தியபோது, எழுதும் பொறுப்பை முழுவதுமாக அவரிடமே ஒப்படைத்தார். உரிமையாளர் ஓர் இஸ்லாமிய அறிஞர். ஆசிரியர் ஒரு நாயர் இளைஞர். அக்காலத்தில் இதுவே அரிய கூட்டு. பிள்ளையின் தலையங்கங்கள் ஒவ்வொன்றும் தம் அச்சகத்துக்கு ஆபத்தை நெருக்கிக் கொண்டுவருகின்றன என்பதை வணிகம் அறிந்த மௌலவி உணராமல் இருந்திருக்க முடியாது. சற்று மென்மையாக எழுதுமாறு ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அச்சகம் பிழைத்திருக்கும். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. அரச ஆணையின்படி அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. அதை மீட்க முயலுமாறு நண்பர்கள் வற்புறுத்தியபோது, ஆசிரியர் இல்லாமல் அச்சகம் எதற்கு என்று அவர் மறுத்துவிட்டதாகக் கூறுவார்கள். மௌலவி 1932-இல் மறைந்தார். அச்சகம் அவருடைய குடும்பத்தாரிடம் திரும்பி வந்தது கேரள மாநிலம் அமைந்த பின்னரே.

பொருளியல் மாணவன் என்ற முறையில் இதை நான் இவ்வாறு காண்கிறேன். எழுதியவருக்கும் இழப்பு, எழுத இடம் தந்தவருக்கும் இழப்பு. தம் பங்கு இழப்பைத் தவிர்க்கும் வசதி மௌலவியின் கையில் இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அரண்மனையை எதிர்த்து எழுதிய அதே பேனா, ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளை மற்றக் குழந்தைகளுடன் ஒன்றாக அமர்த்திக் கற்பிப்பதை எதிர்த்தும் 1910-இல் எழுதியது. அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பற்றி அழைத்துச் சென்ற ஊரூட்டம்பலம் பள்ளி இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அப்பள்ளி எரிக்கப்பட்ட செய்தியும் உங்களுக்குத் தெரியும். மேலே நோக்கியபோது அவ்வளவு துணிவுடையவராக இருந்த ஒருவர், பக்கத்திலும் கீழேயும் இருந்தவர்களைப் பார்க்கத் தவறினார். நம் காலத்து அதிகாரிகளிடையேயும் இதைக் காண்கிறேன். அமைச்சரின் முன் நிமிர்ந்து நிற்பவர், தம் அறைக்கு வெளியே நிற்கும் கடைநிலை ஊழியரின் மனுவை மாதக்கணக்கில் புரட்டாமல் வைத்திருப்பார்.

அரசாட்சியை விட்டு இக்காலத்து நிறுவனம் ஒன்றுக்கு வருவோம். அதுவும் அருகிலேயே, திருவனந்தபுரத்தின் தும்பாவில், இருக்கிறது. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலமான எஸ்.எல்.வி.-3 அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவாயிற்று. ஏறத்தாழ 17 டன் எடை, நான்கு கட்டங்கள். திட்ட இயக்குநர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அக்கலம் சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் பயன்படும் நைட்ரிக் அமிலம், வால்வு ஒன்றின் கோளாறால் முன்கூட்டியே கசிந்து தீர்ந்துபோயிருந்தது. ஏவுதலுக்குச் சற்று முன்னர் கணினி நிறுத்தச் சொல்லியும், வல்லுநர்களைக் கலந்துகொண்டு தாமே ஏவ முடிவு செய்ததாகக் கலாம் பின்னாளில் பல மேடைகளில் ஒளிக்காமல் கூறினார்.

அதாவது, பழியைக் கீழே இறக்கிவைக்க வேண்டுமென்றால் தவானுக்கு வலுவான காரணம் கையிலேயே இருந்தது. அவர் பத்திரிகையாளர்களைத் தாமே சந்தித்தார். தோல்விக்குத் தாம் பொறுப்பேற்பதாகவும், தம் குழுவினர்மீது தமக்கு நம்பிக்கை உண்டு என்றும், ஓராண்டுக்குள் வெற்றி காண்பார்கள் என்றும் கூறினார். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. அன்று பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார்.

இந்நிகழ்ச்சி இப்போது மேடைதோறும் சொல்லப்பட்டு, ஏறக்குறைய நீதிக்கதை ஆகிவிட்டது. அதனால் இதன் முக்கியமான பகுதி கண்ணில் படாமல் போகிறது. வெளியே பழியைத் தலைவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்காக உள்ளே ஆய்வு நிற்கவில்லை. எந்த வால்வு, எந்த நொடி, யார் எதைக் கவனித்தார், ஏன் ஏவுதல் நிறுத்தப்படவில்லை என்று ஒவ்வொன்றும் விசாரிக்கப்பட்டது. தண்டனைக்கு அஞ்ச வேண்டியிராத காரணத்தாலேயே உண்மை வெளிவந்தது என்று நான் கருதுகிறேன். ஓராண்டுக்குள் கலம் பறந்ததற்கு அந்த உண்மையும் ஒரு காரணம்.

இதற்கு நேர்மாறான நிலையையும் விண்வெளித் துறையிலேயே காணலாம். அமெரிக்காவின் சாலஞ்சர் ஓடம் 1986 ஜனவரி 28 அன்று புறப்பட்ட 73 நொடிகளில் சிதறி, அதிலிருந்த 7 பேரும் மாண்டனர். முந்தைய இரவே, கடுங்குளிரில் ராக்கெட்டின் இணைப்பு வளையங்கள் சரிவர அடைத்துக்கொள்ளா என்று அந்த ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசி ஆலோசனையில் எச்சரித்தார்கள். ஏவுதலைத் தள்ளிப்போட விரும்பாதவர்கள் எதிர்முனையில் இருந்தார்கள். பொறியாளர்களை ஒதுக்கிவிட்டு மேலாளர்கள் மட்டும் தனியே கூடி முடிவை மாற்றினார்கள். எச்சரித்தவர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஸ்ஜாலி விசாரணைக் குழுவிடம் உண்மையைச் சொன்ன பின்னர், சொந்த நிறுவனத்திலேயே ஒதுக்கி வைக்கப்பட்டார். அங்கே தேவையான செய்தி இருந்தது, அறிவும் இருந்தது. மேலே செல்லும் வழிதான் அடைபட்டிருந்தது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலறிஞர் 1970-இல் வெளியிட்ட நூலொன்றில், சீர்கெடும் நிறுவனத்தில் இருப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார்: வெளியேறுவது, அல்லது குரல் எழுப்புவது. தனியார் துறையில் திறமையுள்ளவர் வெளியேறலாம். நம்மைப் போன்ற அரசு ஊழியர்களில் வெளியேறுபவர் மிகச் சிலர். ஆகவே குரல் ஒன்றே எஞ்சுகிறது. அதையும் அடைத்துவிட்டால் இலக்குகள் எட்டப்பட்டதாகக் காட்டும் அறிக்கைகள் மட்டும் மேலே சென்றுகொண்டிருக்கும். திட்டங்கள் ஏன் தாளில் வெற்றியும் தரையில் தோல்வியும் அடைகின்றன என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் மாணவர்கள், நிதி ஒதுக்கீட்டைப் பார்ப்பதோடு இதையும் பார்க்க வேண்டும்.

குரலை அடைப்பதற்கு அதட்டல் தேவையில்லை. ஒரு சொல் போதும். அலுவலக நண்பர்கள் அச்சொல்லை அறிவார்கள்: 'பேசவும்'. கீழிருந்து ஒரு குறிப்பு வருகிறது. அதை ஏற்றால் சங்கடம், மறுத்தால் காரணம் எழுத வேண்டும். ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதிக் கோப்பைத் திருப்பிவிட்டால், எழுதியவர் நேரில் வருவார், சொல்ல வேண்டியதை வாய்மொழியாகச் சொல்லலாம், குறிப்பு மாறிவிடும், கோப்பில் நம் சுவடே இராது.

நானும் அவ்வாறு எழுதியிருக்கிறேன். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியலைத் தயாரித்த உதவியாளர், மிகக் குறைந்த விலை எனக் காட்டப்பட்டதில் போக்குவரத்துக் கட்டணம் சேர்க்கப்படவில்லை என்று குறிப்பு எழுதினார். அது மார்ச் மாதக் கடைசி வாரம். 31-ஆம் தேதிக்குள் செலவிடாவிட்டால் நிதி காலாவதியாகிவிடும். நான் 'பேசவும்' என்று எழுதினேன். அவர் வந்தார். விடுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "சரி, சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அந்தக் குறிப்பு இல்லாமல் கோப்பு வந்தது. கையெழுத்திட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்துத் தணிக்கைத் தடை எழுந்தது. பட்டியலைத் தயாரித்தவர் அவர் என்பதால் அவரிடம் விளக்கம் கோரப்பட்டது. நான் அப்போது மாற்றலாகி வேறு மாநிலத்தில் இருந்தேன். நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவருக்கு ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. என் பெயரை அவர் எங்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எழுத்துச் சான்று ஏது? நான் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் வெளிவர இருந்த காலம் அது.

மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964, மூன்றாம் விதியைப் படித்துப் பாருங்கள். மேலதிகாரியின் ஆணை வழக்கமாக எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழி ஆணையைத் தவிர்க்க இயலாதபோது, உடனே அதை எழுத்தில் உறுதிப்படுத்துவது அவருடைய கடமை. ஆணை பெற்றவர் அந்த உறுதியைக் கேட்டுப் பெற வேண்டும் என்று அவ்விதி சொல்கிறது. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் பிறரும் தொடுத்த வழக்கில் 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது. விதியை எல்லோரும் பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே படிக்கிறோம். ஆனால் எழுத்தில் கொடுங்கள் என்று கீழுள்ளவர் மேலுள்ளவரிடம் கேட்பது எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியும். ஆகவே மேலுள்ளவர் கேட்கப்படாமலே எழுத வேண்டும்.

வெளியிலிருந்து பாதுகாப்புத் தரும் ஏற்பாடுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தங்க நாற்கரச் சாலைப் பணியில் முறைகேடுகளைக் கண்ட பொறியாளர் சத்யேந்திர துபே, தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். அக்கடிதம் பெயரோடு பல மேசைகளைக் கடந்தது. 2003 நவம்பர் 27 அன்று அவர் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காக நடந்த கொலை என்று புலனாய்வு முடிவு செய்தது. நான் அதற்குள் செல்லவில்லை. பெயரைக் காக்கக் கேட்டவரின் பெயரை எந்த மேசையும் காக்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இயற்றிய தீர்மானத்தின்படி, இத்தகைய புகார்களைப் பெறும் அமைப்பாக மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் நியமிக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். எனினும் ஓர் ஊழியர் தம் அடுத்த மேசையைத் தாண்டி அவ்வளவு தூரம் செல்ல வேண்டியிருக்கிறது என்றால், இடையிலிருந்த மேசைகளில் அமர்ந்திருந்தவர்கள் நாம்தானே.

சில ஆண்டுகளாக நான் அந்தச் சொல்லை எழுதுவதில்லை. உடன்பாடு இல்லையென்றால், குறிப்பைப் படித்தேன், ஏற்கவில்லை, காரணம் இது என்று எழுதிக் கையெழுத்திடுகிறேன். இதனால் வேலை விரைவாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், தாமதமே ஆகிறது. குறிப்புகள் நீண்டுவிட்டன, மறுப்புகளும் கூடிவிட்டன. சில பயனற்றவை. சென்ற ஆண்டு நான் காரணம் எழுதித் தள்ளிய மறுப்புகளில் ஒன்று, பின்னர் சரியென்று தெரியவந்தது. இளம் அலுவலர் ஒருவர் எழுதியது. விளக்கம் கேட்டு வந்த கடிதம் இம்முறை என் பெயருக்கு வந்திருக்கிறது. பதிலை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.