ஏவலோடு ஒட்டும் உறவு



ஸ்பானிஷ் மொழியில் நண்பனிடம் 'அதை எனக்குத் தா' என்று கேட்க ஒரே சொல் போதும்: 'தாமெலோ'. 'தா' நம்ம 'தா' மாதிரியே. 'மெ' என்றால் எனக்கு. 'லோ' என்றால் அதை. மூன்றும் ஒட்டிக்கொள்ளும். மரியாதைக்குரியவரிடம் 'தேமெலோ'. 'தராதே' என்னும்போது மட்டும் அந்த இரண்டும் பிரிந்து வினைக்கு முன்னால் போய்விடும்: 'நோ மெ லோ தெஸ்'.

நமக்கு 'எனக்கு', 'அதை' எல்லாம் வேண்டாம். 'கொடு' என்றாலே புரிந்துவிடும். நம் ஏவலில் ஒட்டுவது உறவு: கொடுடா, கொடும்மா, கொடேன், கொடுங்க. உயர்ந்தவரிடம் கேட்க 'ஈ', சமமானவரிடம் 'தா', தாழ்ந்தவரிடம் 'கொடு' என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது.

மரக்காணம் உப்பளத்தில், கொளுத்தும் வெயிலில் நிற்கும் அறுபது வயதுக்காரரிடம், படித்த பையன் ஒருவன் 'உப்பை அள்ளு' என்றால் இலக்கணம் குற்றம் சொல்லாது. ஆனால் அவர் முகம் வாடும். 'அள்ளுங்க' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

மாணவர்களே, வேலைக்காக எந்த நாட்டுக்குப் போனாலும், அந்த மொழியில் யாரிடம் எப்படி ஏவுவது என்பதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பினால், நம்ம 'ங்க'வை மறந்துடாதீங்க.