ஏறுன கியர்லயே எறங்கோணும்: பேடில் ஷிஃப்டர் எதுக்கு?

பல்லடத்துல இருந்து பேசறேன். நம்ம பக்கம் எல்லாம் சமவெளி. கோயமுத்தூர் போனாலும் சரி, திருச்சி போனாலும் சரி, ஆட்டோமேட்டிக் காரை 'டி'ல போட்டா போதும். ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி இருக்கற பேடில் ஷிஃப்டரை வாங்கி ஒரு வருஷமா நான் தொட்டதே இல்லை. சும்மா அழகுக்கு வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை நாலு பேரா வால்பாறை போனோம். ஆழியாறு பக்கம் இருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஸ்போர்ட் மோடுல ஜம்முனு ஏறுச்சு. இறங்கும்போது மைலேஜ் கிடைக்கட்டும்னு ஈக்கோ மோடு, கியர் 'டி'. 12-வது வளைவுகிட்ட கருகின வாசம். பிரேக் பெடல் வழக்கத்தை விட உள்ளே போகுது. பின் சீட்டுல பேச்சு நின்னுடுச்சு. மெதுவா உருட்டி, 9-வது வளைவுல லோம்ஸ் வியூ பாயிண்ட்ல ஓரங்கட்டினோம். கீழே ஆழியாறு அணை அவ்வளவு அழகா தெரியுது. யாரும் போட்டோ எடுக்கல.

அப்பாவுக்கு போன் பண்ணினேன். முப்பது வருஷம் கறிக்கோழி வண்டி ஓட்டினவர்.

"எந்த கியர்ல எறங்குன?"

"டிலப்பா."

"அது கியரா கண்ணு? ஏறுன கியர்லயே எறங்கோணும்."

விஷயம் இதுதான். இறக்கத்துல ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்ததும், பல கார்கள்ல கியர்பாக்ஸ் மேல் கியருக்குப் போயிடும். ஈக்கோ மோடுல இன்னும் சீக்கிரமா போகும். மேல் கியர்ல எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. மொத்த பாரமும் பிரேக் மேல. பேட் சூடேறி பிடிமானம் குறையும். ரொம்ப சூடானா பிரேக் ஆயில் கொதிச்சு பெடல் மெத்துன்னு ஆயிடும்.

இதுக்குத்தான் இடது பக்கம் இருக்கற மைனஸ் பேடில். ஒரு தட்டு தட்டினா ஒரு கியர் குறையும். வளைவுக்குள்ள போறதுக்கு முன்னாடியே பிரேக் பிடிச்சு வேகத்தைக் குறைச்சு, ரெண்டாவது கியருக்கு வந்துடுங்க. எஞ்சின் சத்தம் கூடும், பயப்பட வேண்டாம். அளவுக்கு மீறி சுத்தும்னா கம்ப்யூட்டரே கியரைக் குறைக்க விடாது. 'டி'ல இருந்து பேடில் தட்டினா, பல கார்கள் கொஞ்ச நேரத்துல தானா பழையபடி மாறிடும். அதனால லிவரை 'எம்'ல போட்டுக்கங்க. பேடில் இல்லாத கார்ல 'எல்' இருந்தா அதுவும் இதே வேலைதான். நியூட்ரல்ல மட்டும் உருட்டாதீங்க. சூடான பிரேக்ல தண்ணியும் ஊத்தாதீங்க. இன்னொண்ணு, எஞ்சின் பிடிச்சு வேகம் குறையும்போது பின்னாடி சிவப்பு லைட் எரியாது. ஒட்டி ஒரு வண்டி வந்தா, பெடலை லேசா தொட்டுக் காட்டுங்க.

பேடில் பொறந்தது என்னவோ ரேஸ்ல தான். 1989 பிரேசில் கிராண்ட் பிரீயில நைஜல் மான்சல் ஜெயிச்ச ஃபெராரி 640 தான் இதை ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டு வந்த கார். ஆனா நமக்கு இதோட உபயோகம் வேகம் இல்லை, நிதானம்.

அடுத்த தடவை வால்பாறையோ ஊட்டியோ போறதுக்கு முன்னாடி, காலியான ரோட்டுல பத்து நிமிஷம் அந்த மைனஸைத் தட்டிப் பழகிக்கங்க. பத்திரமா இறங்குங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!